ஒரு வாய்ச் சோறு நிம்மதியாக இறங்க



மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால், அங்கே வருகிற சொந்தபந்தம் முதலில் கேட்பது, "எப்ப நடப்பான்?" என்பதுதான். அடுத்தது, "பேச்சு வருதா?" பெற்றவர்களும் இந்த இரண்டு கேள்விகளைச் சுமந்துகொண்டே அலைகிறார்கள். எழுமலையில் விடியற்காலை பஸ் ஏறி உசிலம்பட்டி, அங்கிருந்து மாறி மதுரை. காலுக்கு ஷூ, கைக்குப் பயிற்சி, வலிப்புக்கு மருந்து. ஒரு நாள் கூலி போய், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இருட்டின பிறகு வீடு திரும்புகிறார்கள். அந்தப் பிள்ளை மூன்று வேளையும் எப்படிச் சாப்பிடுகிறது என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. கேட்கிற விஷயம் என்று அவர்களுக்கும் தோன்றுவதில்லை.

அந்த வீட்டில் நாளின் பெரும்பகுதியைத் தின்பது சாப்பாட்டு நேரம்தான். ஒரு வேளை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம். மூன்றாவது கரண்டியில் பிள்ளை ஓங்கரிக்கும். ஐந்தாவதில் புரையேறும். எல்லாம் முடிந்து அப்பாடா என்று படுக்க வைத்தால், உண்டதில் பாதி எதுக்களித்துத் தலையணையில் கிடக்கும். துணியை மாற்றி, தரையைத் துடைத்து, மீண்டும் கொஞ்சம் கரைத்து ஊட்ட உட்காரும் தாய்க்கு அவளுடைய சோறு ஆறிப் போயிருக்கும். "நீ ஊட்டுற லட்சணம் அப்படி" என்று ஒரு குரல் வரும். "அடம் பிடிக்கிறான், வாயைப் பிடிச்சு ஊத்து" என்று இன்னொரு குரல் வரும். இந்த இதழை அந்தத் தாய்க்காகவும், அவளைச் சுற்றியிருக்கும் நமக்காகவும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரம்தான் முதல் சிகிச்சை நேரம். நடையும் பேச்சும் அதற்குப் பிறகுதான்.

இதை மிகையாகச் சொல்லவில்லை. கடுமையான மூளை முடக்குவாதம் உள்ளவர்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் முன்னால் நிற்பவை நுரையீரல் நோய்கள். உணவும் எச்சிலும் வயிற்றிலிருந்து மேலேறும் அமிலமும் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதே அவற்றில் பலவற்றுக்கு வழி. அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1932-இல் பிறந்த கிறிஸ்டி பிரவுனை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். உடலில் அவர் சொன்னபடி கேட்டது இடது கால் ஒன்றுதான். அந்தக் காலால் எழுதக் கற்றார், ஓவியம் வரைந்தார், 1954-இல் தன் வாழ்க்கைக் கதையை நூலாக வெளியிட்டார். 1989-இல் அது திரைப்படமாகி, அவராக நடித்த டேனியல் டே லூயிஸுக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. உலகம் அந்தக் காலைக் கொண்டாடியது. ஆனால் 1981 செப்டம்பரில், 49 வயதில், ஆட்டிறைச்சி உணவு உண்ணும்போது தொண்டையில் அடைத்து கிறிஸ்டி பிரவுன் இறந்தார். எழுத்தாளராகப் புகழ்பெற்ற பெரிய மனிதருக்கும் ஒரு கவளம் விழுங்குவது கடைசிவரை ஆபத்தான வேலையாகவே இருந்தது.

நமக்கு ஒரு நொடியில் முடிந்துவிடும் விழுங்கலுக்கு இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தசைகள் வரிசை தவறாமல் இயங்க வேண்டும். உதடு மூட வேண்டும், நாக்கு கவளத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், அதே கணத்தில் மூச்சுக்குழாய் மூடிக்கொள்ள வேண்டும். கருவிலோ பிரசவத்தின்போதோ பிறந்த சில காலத்துக்குள்ளோ மூளையில் ஏற்பட்ட காயம் இந்த வரிசையைக் கலைத்துவிடுகிறது. ஆக, இது பிள்ளையின் பிடிவாதமும் இல்லை, தாயின் குறையும் இல்லை.

மூன்று சங்கடங்களை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது ஓங்கரிப்பு. தவறான பொருள் தொண்டைக்குள் போகாமல் வெளியே தள்ளுவதற்கு உடல் வைத்திருக்கும் காவல் அது. நமக்கு நாக்கின் அடிப்பகுதியைத் தொட்டால் வரும். இந்தப் பிள்ளைகள் பலருக்கு நாக்கின் நுனியில் கரண்டி பட்டாலே வந்துவிடும். இரண்டாவது புரையேறுதல். உணவோ நீரோ மூச்சுக்குழாய்ப் பக்கம் போகும்போது இருமல் எழுகிறது. மூன்றாவது எதுக்களிப்பு. உள்ளே போன உணவு அமிலத்தோடு மேலே வருவது.

ஓங்கரிக்கிற பிள்ளையைப் பார்த்துப் பயப்படுகிறோம். ஓங்கரிப்பும் இருமலும் இல்லாத பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். அது தவறு. சிலருக்கு அந்தக் காவலே பலவீனமாக இருக்கும். உணவு சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கும், ஒரு இருமல்கூட வராது. சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் களகளவென்று கேட்பது, மூச்சில் கரகரப்பு, சாப்பிடும்போது கண்ணில் நீர் கோப்பது, அடிக்கடி வரும் சளிக் காய்ச்சல், திரும்பத் திரும்ப நிமோனியா: இவைதான் அதன் அடையாளங்கள். "குளிர்ச்சி ஒத்துக்கலை" என்று ஆண்டுக்கணக்காக நாம் ஒதுக்கிவிடுவது பலமுறை இதுவாக இருக்கும்.

முதல் மருந்து உட்காரும் விதம். நம் பக்கத்தில் பிள்ளையை மடியில் மல்லாத்தி, தலையைச் சாய்த்து, சங்கிலோ பாலாடையிலோ புகட்டுவது பழக்கம். மருந்து குடிக்காவிட்டால் மூக்கைப் பிடிப்பார்கள். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாயின் வாசல் திறந்துகொள்கிறது. அப்போது ஊற்றுவது வயிற்றுக்குப் போகுமா, நுரையீரலுக்குப் போகுமா என்பது நம் கையில் இல்லை. வாயில் படாமல் அண்ணாந்து குடிப்பது நமக்கு நாகரிகம். இந்தப் பிள்ளைகளுக்கு அது கூடவே கூடாது.

இடுப்பு மடங்கி, முதுகு நிமிர்ந்து, பாதம் தொங்காமல் ஒரு பலகையில் ஊன்றி, தாடை லேசாகக் கீழே தாழ்ந்திருக்க வேண்டும். விலையுயர்ந்த நாற்காலிதான் வேண்டும் என்றில்லை. வீட்டில் இரண்டு சுவர் சேரும் மூலையில் உட்கார வைத்து, இரு பக்கமும் சுருட்டிய போர்வையை அணைவாகக் கொடுக்கலாம். பிளாஸ்டிக் நாற்காலியில் இடுப்புக்கு ஒரு துணிப்பட்டையும், காலுக்குக் கீழே ஒரு மனைப்பலகையும் வைக்கலாம். ஊட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும். அதனால் எதிரே, பிள்ளையின் கண் மட்டத்துக்கோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ உட்காருங்கள். கரண்டி மேலிருந்து இறங்காமல், நெஞ்சு மட்டத்திலிருந்து நேராக வாய்க்கு வரட்டும்.

கரண்டி குழியில்லாமல் தட்டையாக இருந்தால் நல்லது. பாதிக் கரண்டி போதும். நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி, உதடு மூடும்வரை பொறுத்து, நேராக வெளியே எடுங்கள். மேல்பல்லில் வழித்துவிடும்போது தலை பின்னால் போய்விடும். பிள்ளை கரண்டியை இறுகக் கடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள். இழுக்க இழுக்கத் தாடை இன்னும் இறுகும். கொஞ்சம் பொறுத்தால் தானே விடும். உலோகக் கரண்டியைவிட சிலிக்கான் கரண்டி பல்லுக்கும் ஈறுக்கும் இதம். ஒரு கவளம் இறங்கியபின் மிச்சத்தை விழுங்க இன்னொரு முறை நேரம் கொடுத்து, அதற்குப் பிறகே அடுத்தது.

தண்ணீர் குடிக்க வைக்கும்போது டம்ளரின் விளிம்பு மூக்கில் இடித்துத் தலையைப் பின்னால் தள்ளும். பிளாஸ்டிக் டம்ளரில் மூக்கு வருகிற பக்கத்தை அரைவட்டமாக வெட்டி, ஓரத்தை மழுக்கிவிட்டால், தலை சாயாமலே குடிக்க முடியும். பேச்சுப் பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் வெட்டுக் கோப்பையும் இதே உருவம்தான்.

இனி உணவு. விழுங்கக் கடினமானது கெட்டி உணவு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு மிகக் கடினமானது தண்ணீர். நாக்கு தயாராகும் முன்பே அது ஓடி இறங்கிவிடுகிறது. சற்று கெட்டியானது மெதுவாக நகரும், நாக்குக்கு நேரம் கிடைக்கும். இதற்காக உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கும் ஒரு சர்வதேச அளவுமுறை இன்று பல நாட்டு மருத்துவமனைகளில் இருக்கிறது. நம் அடுப்படியில் அந்த நிலைகளில் பலவும் ஏற்கெனவே உண்டு. கேப்பைக் கூழ், கம்பங்கூழ், எழுமலை, பேரையூர் பக்கத்துக் குதிரைவாலிக் கஞ்சி, மதுரைத் தெருவில் விற்கிற பருத்திப்பால்: எல்லாமே கரண்டியைச் சாய்த்தால் நூலாக ஓடிவிடாமல் மெதுவாக வழிகிறவை. உங்கள் பிள்ளைக்கு எந்தக் கெட்டி பொருந்தும் என்பதை ஒரு பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் அதே பதத்தில் தருவதற்கு வீட்டுக் கூழும் கஞ்சியும் போதும்.

மிகவும் சிரமம் தருவது இரண்டு பதம் கலந்த உணவு. ரசம் சோறு, சாம்பாரில் மிதக்கும் இட்லி, பாலில் ஊறிய பிஸ்கட், நீர் விட்ட பழைய சோறு. நீர் முதலில் ஓடும், பருக்கை பின்னால் நிற்கும். ரசம் சோறு கொடுக்கக் கூடாது என்றில்லை. குழைய வடித்த சோற்றை ரசத்தோடு சேர்த்து ஒரே பதமாக மசித்துக் கொடுக்கலாம். பொரி, முறுக்கு, நிலக்கடலை, பொட்டுக்கடலை போல உதிர்வதும், ஒட்டிக்கொள்ளும் களியும் அல்வாவும் ஆபத்தானவை. மசிக்கும்போது சோறு, பருப்பு, காய் எல்லாவற்றையும் ஒன்றாக மிக்சியில் போட்டு அரைத்துவிடாதீர்கள். தனித்தனியே மசித்து, தனித்தனியே ஊட்டுங்கள். பூசணிக்காயின் இனிப்பும் கீரையின் வாசனையும் வேறு வேறு என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்த நாக்குக்கும் உண்டு.

வாயே தொடவிடாத பிள்ளைக்கு என்ன செய்வது? பல் தேய்க்கும்போதே ஓங்கரித்து வாந்தி எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். முதலில் கை, பிறகு தோள், கன்னம், உதட்டோரம். கூச்சம் தரும் லேசான தொடுதலாக இல்லாமல், உள்ளங்கையால் நிதானமான அழுத்தத்தோடு. சில நாள் கழித்து உதடு, அதன் பிறகு ஈறின் முன்பக்கம், பின்னர் உட்பக்கம். ஓங்கரிப்பு வரும் இடத்துக்குச் சற்று முன்னேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளையின் சொந்த விரலை அதன் வாய்க்குக் கொண்டுபோனால் இன்னும் எளிதாக ஏற்கும். இதையெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால் செய்ய வேண்டும், வயிறு நிறைந்தபின் செய்யக் கூடாது. மாதக்கணக்கில் ஆகும். ஆனால் மெல்ல மெல்ல ஓங்கரிப்பு பின்வாங்கும்.

ஓங்கரிப்பு வந்துவிட்டால் ஊட்டுவதை நிறுத்தி, உடலைச் சற்று முன்னால் சாய்த்து, அடங்கும்வரை காத்திருங்கள். புரையேறினால் "யாரோ நினைக்கிறாக" என்று உச்சந்தலையில் தட்டுவது நம் பாசம். ஆனால் அது தொண்டையைத் திறக்காது. இருமுகிற பிள்ளையை இருமவிட வேண்டும். இருமவும் முடியாமல், சத்தமும் வராமல், உதடு நீலம் பாய்ந்தால், முன்னால் சாய்த்து இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் பலமாக ஐந்து முறை தட்டுங்கள். அப்போதும் வெளியே வராவிட்டால், ஒரு வயதுக்கு மேற்பட்டவருக்குப் பின்னாலிருந்து தொப்புளுக்கு மேல் கையை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். இதற்குள் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கைக்குழந்தைக்கு முறை வேறு. அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரிடம் கேட்டு, நேரில் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

எதுக்களிப்புக்கு வருவோம். உணவுக்குழாய் வயிற்றைத் தொடும் இடத்தில் தசை வளையம் ஒன்று இருக்கிறது. கண்மாய் மடையைப் போல, உணவு வரும்போது திறந்து உடனே மூடிக்கொள்ள வேண்டியது. மூளை முடக்குவாதத்தில் அந்தத் தசை தளர்ந்திருக்கலாம். வயிறு காலியாவதும் தாமதமாகும். நாளெல்லாம் படுத்தே இருப்பது, முதுகெலும்பு வளைவது, தசை விறைப்பு வயிற்றை நெருக்குவது எல்லாம் சேர்ந்து உள்ளே இருப்பதை மேலே தள்ளுகின்றன. மேலே வரும் அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். வலியில் பிள்ளை வில்லாக வளையும். வளைந்தால் வயிறு மேலும் நெருங்கும். மேலும் எதுக்களிக்கும். இந்த வளைவைப் பலரும் வலிப்பு என்றே எண்ணிவிடுகிறார்கள். எதுக்களிப்பால் கழுத்தையும் முதுகையும் முறுக்கிக்கொள்ளும் நிலைக்கு மருத்துவத்தில் சாண்டிஃபர் நோய்க்குறி என்று தனிப்பெயரே உண்டு. இந்த முறுக்கல் சாப்பாட்டை ஒட்டி வருகிறதா என்று குறித்து வைத்து, முடிந்தால் செல்போனில் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த ஒரு நிமிடப் படம் பெரிய உதவி.

பேச முடியாத பிள்ளை நெஞ்சு எரிகிறது என்று சொல்லாது. இரண்டு கரண்டி ஆசையாக வாங்கிவிட்டு மூன்றாவதுக்கு அழுவது, இரவில் இருமி எழுவது, பற்களின் உட்பக்கம் தேய்ந்து கரைவது, எடை ஏறாதது, இரத்தசோகை: இவையே அது சொல்லும் முறை.

கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஐந்தாறு வேளையாகக் கொடுங்கள். சாப்பிட்டபின் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் நிமிர்த்தியே வைத்திருங்கள். சாப்பிட்ட கையோடு சேலைத் தூளியில் போட்டால் உடல் மடங்கி வயிறு அமுங்கும். நடுவில் தொய்யும் கயிற்றுக் கட்டிலும் அப்படித்தான். பெரிய பிள்ளைகளுக்குக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழே செங்கல் வைத்து முழுக் கட்டிலையும் சாய்வாக்குங்கள். தலையணைகளை அடுக்கினால் கழுத்தும் வயிறும்தான் மடங்கும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது பலருக்கு இதம் தருகிறது. உடற்பயிற்சியும் குளியலும் சாப்பாட்டுக்கு முன்னால் முடியட்டும். புளிப்பு, காரம், டீ, எண்ணெய் மிதக்கும் சால்னா இவற்றைக் குறையுங்கள்.

மலச்சிக்கலை மறந்துவிடாதீர்கள். புரையேறுமே என்று பயந்து தண்ணீரைக் குறைக்கிறோம். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகுகிறது. இறுகிய குடல் வயிற்றை மேல்நோக்கி அழுத்துகிறது, எதுக்களிப்பு கூடுகிறது. நீரைக் கெட்டியான கஞ்சியாகவும், மசித்த பழமாகவும், காயாகவும் கொடுத்து மலச்சிக்கலைத் தீர்த்தாலே எதுக்களிப்பு பாதி குறையும் வீடுகள் உண்டு.

மெடிக்கல் கடையில் "கேஸ் மாத்திரை" கேட்டு வாங்கிக் கொடுப்பது போதாது. ஓமெப்ரசோல் போன்ற மருந்து அமிலத்தைக் குறைத்துப் புண்ணை ஆற்றும். உணவு மேலே வருவதை அது நிறுத்தாது. எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னால், உள்ளே இருக்கும் குருணைகளை நசுக்காமல் கொடுக்க வேண்டும். நசுக்கினால் வயிற்று அமிலத்திலேயே மருந்து வீணாகிவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் எச்சிலை அதிகமாக்கும் என்பதால், பிள்ளை சாப்பிடும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றையும் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். பிள்ளை விடாமல் வாந்தி எடுத்தால் தொக்கம் எடுப்பவரிடமோ குடல் தட்டுபவரிடமோ தூக்கிப் போவது நம் பக்கத்தில் வழக்கம். போகிற தாயை நான் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் இருப்பவர், கனிவாகப் பேசுபவர், உடனே கையை வைத்துப் பார்ப்பவர் அவர். ஆனால் விழுங்கும் காவல் பலவீனமான பிள்ளையின் வயிற்றை உருவினால், மேலே வருவது நுரையீரலுக்குள் போய்விடும். இங்கே தொண்டையில் எதுவும் சிக்கியிருக்கவில்லை. எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

சில அடையாளங்கள் தெரிந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்ற நிறமோ, பச்சை நிற வாந்தி, கறுத்த மலம், மூச்சுத் திணறல். உடனே உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கோ செல்லுங்கள். அவசரமில்லாவிட்டாலும், ஒரு வேளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் தினமும் ஆகிறது, எடை ஏறவில்லை, ஆண்டுக்கு இரண்டு முறை நிமோனியா வருகிறது என்றால் அதையே முதல் புகாராகச் சொல்லுங்கள். விழுங்குதலைப் பார்ப்பதும் பேச்சுப் பயிற்சியாளரின் வேலைதான் என்பது பலருக்குத் தெரியாது. "எங்க பிள்ளைக்குப் பேச்சே இல்லையே, அவர்கிட்ட எதுக்கு?" என்று விட்டுவிடாதீர்கள். பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரே படமாக ஓடவிட்டுப் பார்க்கும் சோதனையில், உணவு எங்கே வழி தவறுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

வாய்வழி போதாதபோது மருத்துவர் குழாய் வைக்கச் சொல்லலாம். வயிற்றில் துளையிட்டு நேராக உணவு கொடுக்கும் குழாயை எண்டோஸ்கோப்பி வழியாகப் பொருத்தும் முறை 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. அது செய்யப்பட்டதே ஒரு கைக்குழந்தைக்குத்தான். "வயித்துல ஓட்டை போட்டு…" என்று தாய் உடைந்து போவாள். தான் தோற்றுவிட்டதாக நினைப்பாள். அப்படி நினைக்க வேண்டாம். குழாய் எடையைக் காப்பாற்றும், மருந்து சரியாகச் சேரும், சாப்பாட்டு நேரப் போராட்டம் முடியும். பாதுகாப்பான அளவு வாயிலும் ருசி காட்டலாமா என்று கேளுங்கள், பலருக்கு முடியும். குழாய் வைத்தபின்னும் எதுக்களிப்பு தொடரக்கூடும். அதனால் நிமிர்த்தி வைத்து மெதுவாகச் செலுத்துவது அப்போதும் அவசியம். சிலருக்கு அந்தத் தசை வளையத்தை இறுக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு.

உதவி எங்கே கிடைக்கும்? பதினெட்டு வயதுவரை உள்ளவர்களுக்கு இராஜாஜி மருத்துவமனையில் மாவட்ட இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. வருகிறவரிடம், சாப்பிடும்போது பிள்ளையை எப்படி உட்கார வைக்கிறீர்கள் என்று காட்டி, திருத்தச் சொல்லுங்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் மூளை முடக்குவாதத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதன் கீழ் உள்ள நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்வரை, வெளிநோயாளிச் செலவும் பயிற்சிச் செலவும் உட்பட, உதவுகிறது. பராமரிப்பு உதவித்தொகைக்கும், மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கான சிறப்பு நாற்காலிக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

இந்தப் பணி கிராமத்திலும் முடியும் என்பதற்கு நம் தெற்கிலேயே சான்று உண்டு. கடற்படைத் தேர்வில் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று அதன் களப்பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய், நிபுணர்களின் வழிகாட்டலோடு, பெற்றோருக்குப் பயிற்சி தருகிறார்கள். சென்னையில் 1985-இல் வித்யா சாகரைத் தொடங்கிய பூனம் நடராஜன் ஒரு தாய். தன் மகனுக்காகத் தேடத் தொடங்கியவர், ஊரில் இருந்த மற்றப் பிள்ளைகளுக்கும் வழி செய்தார். மலையடிவாரத்து ஆய்க்குடியில் வேரூன்றியது எழுமலையிலும் பேரையூரிலும் சேடபட்டியிலும் முளைக்கலாம். அதற்கு யாராவது வந்து சொல்லித் தர வேண்டும், அதைக் கற்றுக்கொள்ள நாமும் தயாராக இருக்க வேண்டும்.

கற்றுக்கொள்ள வேண்டியவள் தாய் மட்டும்தான் என்று நினைத்துவிட்டோம். பத்து வயதுப் பிள்ளையை அவள் தூக்கிவிடுவாள். அது இருபத்தைந்து வயது மகனாகும்போது அவளுக்கே மூட்டு வலியும் சர்க்கரையும் வந்திருக்கும். அவள் காய்ச்சலில் படுத்தால், ஊட்டத் தெரிந்த கை அந்த வீட்டில் வேறு இல்லை. 2019-இல் ராம் இயக்கத்தில் வந்த ‘பேரன்பு’ படத்தில், மூளை முடக்குவாதம் உள்ள மகளைத் தனியாக வளர்க்கும் தந்தையாக மம்முட்டி நடித்ததைப் பார்த்து நாமெல்லாம் அழுதோம். அழுததோடு நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் தாயைத் தவிர இன்னும் ஒருவருக்காவது, அப்பாவுக்கோ, அப்பத்தாவுக்கோ, சித்தப்பாவுக்கோ, அக்காவுக்கோ, பாதுகாப்பாக ஊட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் திருவிழா சாட்டி, கிடா வெட்டி, சொந்தம் கூடும் நாளில் பாசத்தோடு பிள்ளையின் வாயில் ஒரு கறித்துண்டை வைத்துவிடுகிறோம். அந்தப் பாசம் தாயிடம், "இவனுக்கு எது கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கணும்?" என்று முதலில் கேட்கட்டும். நெஞ்செலும்புச் சாற்றைக் கெட்டியாக்கி, ஆறவைத்து, அரைக் கரண்டியாக ஊட்டினால் அவனும் விருந்தில் சேர்ந்துகொள்வான்.

பள்ளியிலும் இந்தப் பொறுப்பு உண்டு. சிறப்பாசிரியர்கள், சத்துணவுப் பணியாளர்கள், அங்கன்வாடிச் சகோதரிகள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்றால், உங்களிடம் ஒரு வேண்டுகோள். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பிள்ளை உங்களிடம் வந்தால், அதன் உணவின் பதம், உட்கார வேண்டிய முறை, ஆபத்து அடையாளம் மூன்றையும் ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அன்று ஊட்டுபவர் யாராக இருந்தாலும் அந்த அட்டை போதும்.

வாசகர்களே, ஊட்டும் கலையில் எங்களைவிட அனுபவசாலிகள் நீங்கள். டம்ளரை எப்படி வெட்டினீர்கள், நாற்காலியை எப்படிக் கட்டினீர்கள், எந்தக் கஞ்சி எந்தப் பதத்தில் இறங்கியது, பல் தேய்க்க என்ன வழி கண்டீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். அவற்றை மருத்துவரிடமும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் காட்டிச் சரிபார்த்து, வீட்டுச் சுவரில் மாட்டக்கூடிய தனித்தாளாக இந்த இதழோடு இணைத்து வழங்குவோம். எழுமலைப் பக்கத்துத் தாய் ஒருத்தி கண்ட வழி, இலங்கையின் வவுனியாவிலோ மலேசியத் தோட்டத்திலோ இருக்கும் இன்னொரு தாய்க்கு நாளை ஒரு வேளையைச் சுலபமாக்கட்டும். எழுத நேரமில்லாதவர்கள் யாரிடமாவது சொல்லி எழுதச் செய்யுங்கள். ஒரு வரியாக இருந்தாலும் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்